பழைய படிவம்

புக்காவுவில் மழை பிடித்துக்கொண்டால்
வங்கிக்கு வருகிறவர்கள் எல்லாரும்
செம்மண்ணோடுதான் உள்ளே வருவார்கள்.
நான்காம் கவுண்டரில் இருக்கிறேன்.
முகத்துக்கு முன்னால் செருப்பைப் பார்ப்பேன்.
எந்த மேட்டிலிருந்து இறங்கியிருக்கிறாள் என்று தெரிந்துவிடும்.

பதினொரு வருடம்
நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்:
"கணவர் கடிதம் எங்கே?"

மீன் விற்கிறவளிடம், துணி தைக்கிறவளிடம்,
ஒரு லாரி சிமெண்டை ஒண்டியாக இறக்கி
சாயங்காலத்துக்குள் விற்று முடித்தவளிடமும்.
வந்த கடிதங்களைக் கோப்பில் போட்டேன்.
சிலவற்றில் பீர் வாடை.
ஒன்றில் இரண்டே வாக்கியம்:
சம்மதம். பணத்தை என்னிடம் தரவும்.
ஒன்று இடது கையால் எழுதியது.
எழுதியவள் எதிரில் நின்றாள்,
கட்டைவிரலில் மை காயாமல்.
நான் மையைப் பார்த்தேன்.
பார்த்ததை அவள் பார்த்தாள்.
முத்திரை குத்தினேன்.
என் நேர்மைக் கணக்கில்
இன்றைக்கும் வரவு என்றிருப்பது அந்தப் பொய் ஒன்றுதான்.

சட்டம் மாறிவிட்டதென்று வானொலி சொன்னது.
தலைநகரிலிருந்து அது நடந்தே வந்திருக்க வேண்டும்,
அவ்வளவு நாள் ஆயிற்று.
சுற்றறிக்கை வரட்டும் என்றார் மேலாளர்.
வந்தது.
பழைய படிவம் நாலு கட்டு மிச்சமிருக்கிறதே,
அது தீரட்டும் என்றார்.

நேற்று நபிந்து வந்தாள்.
கதூத்து சந்தையில் சம்பாசா விற்கிறவள்.
விரல் நீளம்கூட இல்லாத ஏரி மீன்;
விளக்குப் படகுகள் கரை சேரும்போது வாங்கினால்
வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும்,
விற்காததை வெயில் கடனுக்கு வாங்கிக்கொள்ளும்.

வீட்டுப் பத்திரம்?
"கொழுந்தன் பெயரில்."
நிலம்?
சிரித்தாள்.
"உறைபெட்டி இருக்கிறது, என் காசில் வாங்கியது."

அசையும் பொருளையும் ஈடாக வைக்கலாம்,
அதுவும் சட்டத்தில் இருக்கிறது,
யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.
பெட்டியின் எண் வேண்டும் என்றேன்.
உள்ளங்கையை நீட்டினாள்.
மழையில் கடைசி மூன்று இலக்கம் கரைந்திருந்தது.

எண் முழுசாக இல்லாமல் முடியாது, நாளைக்கு வா.
வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.
கவுண்டர் மேல் டங்கென்று எதையோ வைத்தாள்.
பெட்டியின் முதுகிலிருந்து
கத்தியால் நெம்பி எடுத்த தகடு.
"நீயே படித்துக்கொள்" என்றாள்.

படித்தேன். பதிந்தேன்.
படிவத்தின் கடைசியில் அந்தக் கோடு:
கணவர் கையொப்பம்.
அவள் பேனா அங்கே வந்ததும் நின்றது,
எல்லார் பேனாவும் நிற்கிற இடம்.
ஸ்கேலை வைத்து
அந்த வார்த்தைகளின் மேல் ஒரு கோடு இழுத்தேன்.
மேலாளர் தலை நிமிர்ந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
அல்லது மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

வட்டி குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.
மாதத்துக்கு இரண்டரை.
சட்டம் கதவைத் திறந்துவிட்டதே தவிர
படிக்கட்டின் உயரம் அப்படியேதான்.

மூடிய பிறகு உட்கார்ந்து
ஒரு கட்டு படிவத்தில் அந்த வரியை அடித்தேன்.
இருநூறு. பேனா வற்றிப்போனது.
வேறு பேனா தேடப்போய்
அலமாரியில் பழைய கோப்பு கையில் பட்டது.
அடியில் என் கடிதமும் இருக்கிறது.
இந்த நாற்காலியில் உட்கார
ஃபிடேல் எழுதிக்கொடுத்த அனுமதி.
எழுத்து அழகாகத்தான் இருக்கிறது.
எடுத்துக் கைப்பையில் வைத்தேன்.
வீட்டில் காட்டுவதா, கிழிப்பதா,
இன்னும் முடிவு செய்யவில்லை.

இன்று காலையிலிருந்து மின்சாரம் இல்லை.
எங்கேயோ கதூத்துவில்
எங்கள் வங்கியின் ஈடு
சொட்டுச் சொட்டாக உருகிக்கொண்டிருக்கும்.
நபிந்து அதன்மேல்
ஈரச் சாக்கு போட்டிருப்பாள்.